விம்மில் ';' என்ற பெயரில் கோப்பு உருவாகிக்கொண்டே இருக்கிறது, எப்படித் தடுப்பது?

அரைப்புள்ளி · தெஹிவளை · திங்கள் இரவு 9.12

வணக்கம். ஒபிஸில் ஓர் இணையத்தளத்தின் மொழிக் கோப்புகளைப் பார்ப்பது என் வேலை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்றுக்கும் தனித்தனிக் கோப்பு. உபுண்டு 22.04, எழுதுவது அதோடு வந்த விம் 8.2 எடிட்டரில்.

பிரச்சினை இதுதான். சேமிக்க :டபிள்யூ அடித்து என்டர் தட்டும்போது பக்கத்துப் பொத்தான் ஏதாவது சேர்ந்து விழுகிறது. உடனே விம் ';' என்ற பெயரில் ஒரு புதுக் கோப்பை எழுதிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது. சில நேரம் அது ஒற்றை மேற்கோள் குறி, சில நேரம் ':'. நான் வேலை செய்த உண்மையான கோப்பு சேமிக்கப்படவில்லை என்பது பிறகுதான் தெரியும்.

இவை கிட்டுக்குள்ளும் (கோப்புகளின் பதிப்புகளைச் சேர்த்து வைத்து எல்லாரும் பகிரும் நிரல்) போய்விடுகின்றன, ஏனென்றால் எல்லாரும் புள்ளி போட்டு மொத்தமாகச் சேர்ப்பவர்கள். ':' என்ற கோப்பு உள்ளே போன அன்று விண்டோஸில் வேலை செய்யும் இருவரால் கிளையை இறக்கவே முடியவில்லை. விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் ':' வரக்கூடாதாம்.

கவனமாக அடி என்ற ஆலோசனை வேண்டாம், அது ஒபிஸிலேயே நிறையக் கிடைக்கிறது. விம்மே மறுக்கும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுத முடியுமா?


மின்னல்வேகம் · திங்கள் இரவு 9.20

சுலபம் அக்கா. கட்டளை வரியில் அடிப்பதை வேறொன்றாக மாற்றும் சி-நோ-ரீமேப் போட்டு 'டபிள்யூ ;' இரண்டும் சேர்ந்து வந்தால் வெறும் 'டபிள்யூ' ஆக்கிவிடுங்கள். ஒரே வரி. நான் கம்பஸ் லாபில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.


அரைப்புள்ளி · திங்கள் இரவு 9.41

போட்டுப் பார்த்தேன். ';' கோப்பு வரவில்லை, நன்றி தம்பி. ஆனால் இப்போது கட்டளை வரியில் டபிள்யூ எழுத்தை அடித்தால் திரையில் வரவே நேரம் எடுக்கிறது. மடிக்கணினி பழசு என்பதாலா?


இரவுக்காவல் · வெள்ளவத்தை · திங்கள் இரவு 10.05

கணினியில் பிழை இல்லை. டபிள்யூவில் தொடங்கும் ஒரு மேப் இருப்பதால், அடுத்த எழுத்து ';' ஆக இருக்குமோ என்று விம் காத்திருக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை டைம்அவுட்லென் என்ற அமைப்பு சொல்லும். நீங்கள் மாற்றியிருக்காவிட்டால் அது 1000 மில்லிசெக்கன், அதாவது முழுதாக ஒரு செக்கன்.

அதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. சி-நோ-ரீமேப் என்பது ':' கட்டளைகளுக்கு மட்டும் உரியதில்லை, '/' போட்டுத் தேடும்போதும் வேலை செய்யும். நிரலுக்குள் டபிள்யூவில் முடிந்து ';' தொடரும் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். ';' காணாமல் போகும், ஏன் என்று விளங்காமல் மண்டையைப் பிய்ப்பீர்கள். மின்னல்வேகம் தம்பி, லாபில் ஒருநாள் இது உங்களையும் பிடிக்கும்.

தட்டச்சைத் திருத்தப் போகாமல் எழுதும் கணத்தைப் பிடிப்பதுதான் சரியான இடம். விம்மில் அதற்கு பஃப்-ரைட்-ப்ரீ என்று ஒரு நிகழ்வு உண்டு. முழு பஃபரும் (விம் திறந்து வைத்திருக்கும் உரை) கோப்பாக எழுதப்படுவதற்கு சற்று முன் அது ஓடும். அந்த நேரத்தில் ஒரு விதிவிலக்கை, அதாவது ஒரு பிழையை, எறிந்தால், எழுதும் கட்டளையே கைவிடப்படும். உதவிப் பக்கத்தில் எக்ஸெப்ட்-ஓட்டோசிஎம்டி-ப்ரீ என்ற தலைப்பில் உதாரணத்தோடு இருக்கிறது.

கைபேசியில் தமிழ் விசைப்பலகையில் எழுதுகிறேன், அதனால் கட்டளைகளை ஒலிப்படி தருகிறேன். உங்கள் விம்-ஆர்சியில் (விம்மின் அமைப்புக் கோப்பு) ஆங்கில எழுத்தில் அடியுங்கள்:

ஓகுரூப் சேவ்காவல்
    ஓட்டோசிஎம்டி!
    ஓட்டோசிஎம்டி பஃப்ரைட்ப்ரீ [:;']* ட்ரை | எக்கோஎர் 'இந்தப் பெயரில் எழுத மாட்டேன்' | எண்ட்ட்ரை
ஓகுரூப் எண்ட்

ஓட்டோசிஎம்டி என்பது ஒரு நிகழ்வின்போது தானாக ஓடும் கட்டளை, ஓகுரூப் அவற்றைக் கட்டி வைக்கும் குழு. மூன்றாவது வரியில் நிகழ்வுக்குப் பிறகு வருவது கோப்புப் பெயர் வடிவம். அடைப்புக்குள் இருக்கும் ஏதாவது ஒரு குறியில் தொடங்கும் எந்தப் பெயரும் அதில் அகப்படும். வடிவத்துக்குள் '/' இல்லாததால் விம் பெயரின் கடைசித் துண்டை மட்டும் பார்க்கும், ஆகவே எந்த அடைவில் இருந்தாலும் பொருந்தும்.

ட்ரை எதற்கு என்று கேட்பீர்கள். எக்கோ-எர் தனியாக நின்றால் சிவப்பில் ஒரு செய்தியைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும், கோப்பும் எழுதப்பட்டுவிடும். ட்ரைக்குள் இருந்தால்தான் அதே செய்தி விதிவிலக்காக மாறும். அதைப் பிடிக்க கேட்ச் எதுவும் எழுதவில்லை, எனவே அது எண்ட்ட்ரையைத் தாண்டி வெளியே போய் எழுதுவதை நிறுத்தும். இணையத்தில் ட்ரை இல்லாமல் சிலர் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று எழுதுவதற்கு இதுதான் காரணம்.


பழையபுலி · கொட்டாஞ்சேனை · செவ்வாய் காலை 7.15

ஈமாக்ஸ் எடிட்டர் பாவிக்கிறவர்களுக்கு இந்தத் தலையிடியே இல்லை. கன்ட்ரோல்-எக்ஸ் கன்ட்ரோல்-எஸ், அவ்வளவுதான். பெயர் கேட்டால்தானே பெயர் பிழைக்கும்.


மின்னல்வேகம் · செவ்வாய் காலை 7.22

ஐயா, அந்தச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது 🙂

இரவுக்காவல் அண்ணா, ஒரு சந்தேகம். பஃப்-ரைட்-சிஎம்டி என்றும் ஒன்று இருக்கிறதே, அதில் செய்தால் இன்னும் சுத்தமாக இருக்காதா?


இரவுக்காவல் · செவ்வாய் காலை 8.30

பஃப்-ரைட்-சிஎம்டி வேறு சாதி. அதை வைத்தால் விம், எழுதும் பொறுப்பையே உங்களிடம் தந்துவிட்டு ஒதுங்கிவிடும். கோப்பை நீங்களே எழுத வேண்டும், எழுதிய பிறகு மாற்றப்பட்டது என்ற கொடியையும் நீங்களே இறக்க வேண்டும். சிப் கோப்புக்குள்ளும் வலையமைப்பிலும் எழுதும் செருகுநிரல்களுக்காக வந்த வசதி அது. ஒரு பெயரை மறுப்பதற்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஸ்கிரிப்டில் ஒரு நிபந்தனை பிழைத்தால் எந்தக் கோப்புமே சேமிக்கப்படாத எடிட்டர் கையில் இருக்கும்.


அரைப்புள்ளி · செவ்வாய் மதியம் 1.02

வேலை செய்கிறது! வேண்டுமென்றே :டபிள்யூ; அடித்துப் பார்த்தேன், சிவப்பில் மறுப்பு வருகிறது, கோப்பு உருவாகவில்லை. ஆச்சரியக்குறி போட்டு வற்புறுத்தினாலும் மறுக்கிறது. மிக்க நன்றி அண்ணா.

இனி இரண்டாவது கேள்வி. சேர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்புக் கோப்பை சும்மா பார்க்கத் திறப்பேன். வெளியேற :க்யூ அடிக்கப் போய் :டபிள்யூக்யூ அடித்துவிடுவது வழக்கம், இரண்டு எழுத்தும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. நான் ஒரு எழுத்தும் மாற்றியிருக்க மாட்டேன். ஆனால் கோப்பைக் கண்காணிக்கும் நிரல் உடனே எழும்பி சேவையை மறுபடி தொடங்கிவிடும். மாற்றமே இல்லாத கோப்புக்கு ஏன் இந்த ஆரவாரம்?


இரவுக்காவல் · செவ்வாய் மாலை 6.48

:டபிள்யூக்யூ மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுதும். உள்ளடக்கம் அதே, ஆனால் கோப்பின் கடைசி மாற்ற நேரம் புதிதாகிவிடும். கண்காணிப்பு நிரல்கள் பெரும்பாலும் அந்த நேரத்தையோ எழுதும் நிகழ்வையோதான் பார்க்கின்றன, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒப்பிடுவதில்லை.

:எக்ஸ் அடித்துப் பழகுங்கள். அதுவும் எழுதிவிட்டு வெளியேறும், ஆனால் மாற்றம் இருந்தால் மட்டும். பெரிய இசட் இரண்டு தரம் அடிப்பதும் அப்படித்தான். வெளியேறாமல் சேமிக்க :அப்டேட் இருக்கிறது, அதுவும் மாற்றம் இல்லாவிட்டால் தொடாது. கன்ட்ரோல்-எஸ்ஸுக்கு :அப்டேட்டை மேப் செய்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

சும்மா பார்க்க என்றால், விம்மைத் திறக்கும் கட்டளையிலேயே கோடு போட்டு ஓர் எழுத்தைச் சேர்த்துச் சொல்லிவிடலாம். சிறிய ஆர் போடுவது வேறு விஷயம், அது இடையில் அறுந்த வேலையை ஸ்வாப் கோப்பில் (விம் தற்காலிகமாக வைக்கும் பிரதி) இருந்து மீட்பதற்கு. பெரிய ஆர் போட்டுத் திறந்தால், அல்லது வியூ என்ற பெயரில் திறந்தால், வாசிக்க மட்டும். ஆனால் ஆச்சரியக்குறி போட்டால் அது விட்டுக்கொடுத்துவிடும், அந்த ஆச்சரியக்குறி நம்மில் பலருக்குக் கையோடு வருகிற பழக்கம். பெரிய எம் போட்டுத் திறந்தால் திருத்தவும் முடியாது, எழுதவும் முடியாது. உள்ளே இருக்கும்போது வேண்டுமென்றால் செட் நோரைட் அடியுங்கள். பிறகு எப்படி எழுதப் போனாலும், ஆச்சரியக்குறியோடு சேர்த்து, ஈ142 பிழை வரும்.

நான் சேர்வர்களில் ஷெல்லுக்குள் 'பார்' என்று ஒரு அலியாஸ் (குறுக்குப் பெயர்) வைத்திருக்கிறேன், அது பெரிய எம்மோடு விம்மைத் திறக்கும். எழுத வேண்டும் என்று தீர்மானித்தால் மட்டும் முழுப் பெயர்.


பெட்டிக்கடை · மருதானை · செவ்வாய் இரவு 8.10

இவ்வளவு எதற்கு? சேமிக்கும்போதெல்லாம் 'நிச்சயமா? ஆம்/இல்லை' என்று கேட்க வைத்தால் தீர்ந்தது. கன்ஃபர்ம் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. பஃப்-ரைட்-ப்ரீயில் எல்லாக் கோப்புக்கும் நட்சத்திரம் போட்டு, பதில் 'ஆம்' இல்லாவிட்டால் த்ரோ, அதாவது விதிவிலக்கை எறி.


இரவுக்காவல் · செவ்வாய் இரவு 8.55

எல்லாக் கோப்புக்கும் என்பதை நான் எதிர்க்கிறேன். முதல் நாள் அந்தக் கேள்வியை வாசிப்பீர்கள். அடுத்த கிழமை விரல் தானாகவே 'ஆம்' அடித்துவிடும், டபிள்யூ-என்டர்-வை மூன்றும் சேர்ந்து ஒரே அசைவாகிவிடும். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி உங்களைப் பாதுகாக்காது, நேரத்தை மட்டும் தின்னும். ஒரு நாளைக்கு எத்தனை தரம் சேமிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

மறுப்பது வேறு. ';' என்ற பெயரில் யாரும் வேண்டுமென்று கோப்பு வைப்பதில்லை, ஆகவே அங்கே கேள்விக்கே இடமில்லை. நேரே இல்லை என்று சொல்லிவிடலாம். அது சாதாரண வேலையில் குறுக்கே வராது, அதனால் நாம் அதற்குப் பழகிப் போவதும் இல்லை.


பெட்டிக்கடை · செவ்வாய் இரவு 9.20

சரி, ';' விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் சொன்ன சேர்வர் அமைப்புக் கோப்பை நேரே மறுக்க முடியாதே, சில நேரம் உண்மையாகவே எழுத வேண்டுமே. அங்கே கேட்காமல் வேறு என்ன செய்வீர்கள்? அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவுக்குள் நான் மாதத்தில் எப்போதாவதுதான் சேமிப்பேன், விரல் பழகுகிற அளவுக்கு அது போதாது.


இரவுக்காவல் · செவ்வாய் இரவு 10.31

இது நியாயம். அரிதாகத் தொடும் இடத்தில் கேள்வி வேலை செய்யும். வடிவத்தில் நட்சத்திரத்துக்குப் பதிலாக /ஈடிசி/* போடுங்கள். வடிவத்துக்குள் '/' இருப்பதால் விம் முழுப் பாதையையும் ஒப்பிடும்.

கன்ஃபர்மில் மூன்றாவது இடத்தில் ஓர் எண் கொடுக்கலாம், வெறும் என்டர் தட்டினால் எந்தப் பதிலை எடுப்பது என்று. அதில் 2 போட்டு, இரண்டாவது பதிலாக 'இல்லை'யை வையுங்கள். என்டரைத் தட்டிக்கொண்டு போகிறவர் கையில் 'இல்லை' விழ வேண்டும். எதுவும் கொடுக்காவிட்டால் அது 1, அதாவது 'ஆம்'. பெட்டிக்கடை, உங்கள் கோப்பில் இதைச் சரிபாருங்கள்.

ஒரு ஓட்டை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. பஃப்-ரைட்-ப்ரீ முழு பஃபரும் எழுதப்படும்போதுதான் ஓடும். விஷுவல் நிலையில் சில வரிகளைத் தெரிவு செய்துவிட்டு ':' அடித்தால், தெரிவின் எல்லை தானாகவே முன்னால் வந்து நிற்கும். அந்த நிலையில் டபிள்யூ அடித்தால் விம் ஈ140 என்று சொல்லி, பகுதியை மட்டும் எழுத வேண்டுமானால் ஆச்சரியக்குறி போடு என்கும். பழக்கத்தில் போட்டுவிட்டால் முடிந்தது கதை: கோப்பில் அந்த நாலு வரி மட்டும் மிஞ்சும், மற்றதெல்லாம் போய்விடும். இந்தப் பாதையில் ஓடுவது ஃபைல்-ரைட்-ப்ரீ, பஃப்-ரைட்-ப்ரீ கிட்டவும் வராது. கோப்பின் கடைசியில் ஒட்டி எழுதுவதற்கு ஃபைல்-அபெண்ட்-ப்ரீ என்று மூன்றாவதும் ஒன்று உண்டு. காவல் போடுகிறவர்கள் மூன்றையும் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் எழுதுங்கள்.

';' பெயருக்கும் இது பொருந்தும். தெரிவு செய்த வரிகளோடு :டபிள்யூ; அடித்தால் நான் திங்கட்கிழமை தந்த வரி பிடிக்காது.


அரைப்புள்ளி · புதன் காலை 8.44

ஈடிசிக்குக் கேள்வி போட்டேன், மூன்று நிகழ்வும் சேர்த்து. கேட்கிறது. ஆனால் ஒரு தரம் சேமித்தால் இரண்டு தரம் கேட்கிறது, சில நேரம் மூன்று தரம்!


மின்னல்வேகம் · புதன் காலை 8.50

இது எனக்குத் தெரியும் 🙂 அந்த வரியை ஓகுரூப்புக்கு வெளியே எழுதியிருப்பீர்கள் அக்கா. விம்-ஆர்சியை மறுபடி ஏற்றும் ஒவ்வொரு தரமும் அதே ஓட்டோசிஎம்டி இன்னொரு பிரதியாகச் சேரும். உள்ளே போட்டால், மேலே இருக்கும் ஆச்சரியக்குறி வரி பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கும்.


அரைப்புள்ளி · புதன் காலை 9.03

ஆமாம், அதேதான். விம்மை மூடித் திறந்தேன், ஒரு தரம் மட்டும் கேட்கிறது.


பெட்டிக்கடை · புதன் மதியம் 12.37

என் பக்கம் வேறு கூத்து. ஈடிசி கோப்பைத் திறந்து அடிக்கத் தொடங்கினால், கையை எடுக்கும் ஒவ்வொரு தரமும் 'நிச்சயமா?' என்று வருகிறது. வேலையே செய்ய முடியவில்லை.

காரணம் தெரியும். 2022இல் போட்ட தானாகச் சேமிக்கும் வரி இன்னும் விம்-ஆர்சியில் இருக்கிறது. மார்ச் கடைசியில் 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, நம் பகுதி எந்த எழுத்துக் குழு என்று பார்த்துப் பார்த்து வேலை செய்த காலம். யூபிஎஸ் அரை மணிக்கு மேல் தாங்காது. அப்போது டெக்ஸ்ட்-சேஞ்ச்ட் நிகழ்வுக்கு சைலண்ட் டபிள்யூ போட்டேன். அதை எடுக்கப் பயமாக இருக்கிறது, இப்போதும் மின் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும். போன வருடம் பெப்ரவரியில் ஒரு குரங்கு நாடு முழுக்க இருட்டாக்கியது ஞாபகம் இருக்கிறதா?


இரவுக்காவல் · புதன் இரவு 9.15

குரங்கு 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நான் அன்று ஓன்-கால்.

அந்த வரியை எடுத்துவிடுங்கள் பெட்டிக்கடை. மின் போனால் காப்பாற்றுவதற்கு விம்மில் ஏற்கெனவே ஸ்வாப் கோப்பு இருக்கிறது. நீங்கள் 200 எழுத்து அடித்தாலோ, 4 செக்கன் கையை எடுத்தாலோ, மாற்றங்கள் அதற்குள் போய்ச் சேரும். மூலக் கோப்பைத் தொடவே தொடாது. மின் வந்த பிறகு அதே கோப்பைத் திறந்தால் ஸ்வாப் இருக்கிறது, மீட்கவா என்று கேட்கும். ஆர் அடியுங்கள். மீட்டதை வேறு பெயரில் எழுதி மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஸ்வாப் கோப்பை அழியுங்கள். ஒப்பிடாமல் மேலே எழுத வேண்டாம்.

இழக்கக்கூடியது கடைசிச் சில செக்கன்கள். அதற்காக, பாதி அடித்த ஒவ்வொரு வரியையும் உண்மையான கோப்புக்குள் தள்ளுவது, அதுவும் சேர்வரில், ஆபத்தான பேரம். அரைகுறை வாக்கியத்தோடு இருக்கும் அமைப்புக் கோப்பை அந்தக் கணத்தில் ஏதாவது சேவை வாசித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஸ்வாப்பை அணைத்து வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், அடைவில் குப்பை சேர்கிறது என்று. டைரக்டரி என்ற அமைப்பில் தனி இடம் கொடுத்தால் குப்பையும் இல்லை, பாதுகாப்பும் இருக்கும்.

விஎஸ் கோட் எடிட்டரில் இருந்து வருபவர்களுக்குத் தானாகச் சேமிப்பது இயல்பாகத் தோன்றும். அங்கேயும் அது ஒரு தெரிவுதான். தாமதத்துக்குப் பிறகு, கவனம் வேறிடம் போனால், ஜன்னல் மாறினால் என்று மூன்று விதம் இருக்கிறது. சில கோப்புகளை வாசிக்க மட்டும் என்று குறிக்கும் வசதியும் 2023இல் வந்துவிட்டது.


பழையபுலி · புதன் இரவு 9.40

ஈமாக்ஸும் இதைத்தான் செய்கிறது, இரண்டு பக்கமும் # போட்ட தனிக் கோப்பில். பிஃபோர்-சேவ்-ஹூக்கில் ஒரு பிழையை எழுப்பினால் சேமிப்பதும் நின்றுவிடும், உங்கள் ட்ரை விளையாட்டு இல்லாமலே. சொல்லி வைக்கிறேன்.


யகரம் · பம்பலப்பிட்டி · வியாழன் காலை 6.58

ஒரு கிழமையாக எனக்கு இருந்த மர்மத்துக்கு இந்த இழைதான் விடை. நான் தமிழ் நூல்களைப் பக்கமாக்கும் ஆள், விம்மில்தான் மூலப் பிரதியை அடிப்பேன், தமிழ்99 விசைப்பலகை. என் அடைவுகளில் 'ய' என்று ஒரு கோப்பு வந்துகொண்டே இருக்கிறது. திறந்தால் உள்ளே என் கட்டுரை முழுதாக இருக்கும்! இப்போதுதான் விளங்கியது. தமிழ்99இல் 'ய' இருப்பது என்டருக்குப் பக்கத்தில், ஆங்கிலத்தில் ஒற்றை மேற்கோள் இருக்கும் அதே பொத்தானில். டபிள்யூ அடித்த கையோடு தமிழுக்கு மாறிவிட்டு என்டரைத் தேடும்போது அது விழுகிறது.

முழுக்கத் தமிழில் இருந்தால் தொல்லை இல்லை. டபிள்யூ பொத்தானில் 'ஈ' வரும், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று விம் திட்டிவிட்டு விட்டுவிடும். பாதி ஆங்கிலம் பாதி தமிழ் என்றால்தான் மாட்டிக்கொள்கிறேன்.

[:;']* வடிவத்துக்குள் 'ய'வையும் சேர்த்தால் யாழ்ப்பாணம் என்று தொடங்கும் என் கோப்புகளெல்லாம் மாட்டிவிடுமே?


இரவுக்காவல் · வியாழன் காலை 7.49

இது அருமையான கேஸ். பெயரின் தொடக்கத்தைப் பார்க்காமல் நீளத்தைப் பாருங்கள். கோப்பு வடிவத்தில் கேள்விக்குறி என்றால் ஏதாவது ஓர் எழுத்து. வெறும் கேள்விக்குறியை மட்டும் வடிவமாகக் கொடுத்தால் ஒற்றை எழுத்துப் பெயர்கள் மட்டும் அகப்படும்: ';', ':', 'ய', '1' எல்லாமே. யாழ்ப்பாணம் தப்பிவிடும். இரண்டு அரைப்புள்ளி விழும் நாட்களுக்காகப் பழைய வடிவத்தையும் காற்புள்ளி போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்:

?,[:;']*

ஒற்றை எழுத்துப் பெயரில் உண்மையான கோப்பு வைத்திருப்பவர்கள், ஃபைல்ரீடபிள் என்று சோதித்து, கோப்பு ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடும்படி ஒரு நிபந்தனை போடுங்கள். ஆனால் பழைய குப்பையை முதலில் அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காவல் அதையும் உண்மையான கோப்பு என்று நம்பி வழிவிடும்.

இன்னொன்று. பெயரே வைக்காத புது பஃபரில் :டபிள்யூ; விழுந்தால், விம் அந்த பஃபருக்கே ';' என்று பெயர் சூட்டிவிடும். அதற்குப் பிறகு ஒழுங்காக அடிக்கும் ஒவ்வொரு :டபிள்யூவும் ';'க்குள்தான் போகும். உங்கள் கட்டுரை முழுதாக 'ய'வுக்குள் இருந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

யகரம், மொழியை இயங்குதளத்தில் மாற்றாமல் விம்முக்குள்ளேயே மாற்ற கீமேப் என்ற அமைப்பு இருக்கிறது. அது இன்சர்ட்டில் (உரை அடிக்கும் நிலை) எழுத்தை மாற்றும், நார்மல் (கட்டளை கொடுக்கும் நிலை) கட்டளைகள் ஆங்கிலமாகவே இருக்கும். ஆனால் விம் 8.2ஓடு வரும் தமிழ் கீமேப் பழைய திஸ்கி குறியாக்கத்துக்கானது, யூனிகோடுக்கு நீங்களே ஓர் அட்டவணை எழுத வேண்டி வரும். வரிக்கு ஓர் எழுத்து, பெரிய வேலை இல்லை.


யகரம் · வியாழன் காலை 8.20

எழுதிப் பார்க்கிறேன். எங்கள் இடத்தில் பாதிப் பேர் இலங்கைத் தரநிலையான இரங்கநாதன் விசைப்பலகை, அவர்களுக்கு வேறு அட்டவணை வேண்டும். ஒருவர் இன்னும் பாமினி. அவரை நான் தொட மாட்டேன்.

காவல் போடுவதற்கு முன் நடந்ததற்கு ஏதாவது வழி உண்டா? நேற்று ஓர் அத்தியாயத்தில் பரீட்சார்த்தமாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது சேமித்துவிட்டேன், வேண்டாத திருத்தத்தோடு. விம் இன்னும் திறந்தபடிதான் இருக்கிறது.


இரவுக்காவல் · வியாழன் காலை 8.31

மூட வேண்டாம்! :ஏர்லியர் 1எஃப் அடியுங்கள். எஃப் என்பது கோப்பு எழுதிய தடவை. கடைசியாகச் சேமித்த பிறகு ஒன்றும் மாற்றியிருக்காவிட்டால், அதற்கு முந்திய சேமிப்பின் நிலைக்கு உரை திரும்பும். மாற்றியிருந்தால் முதல் தரம் நேற்றைய சேமிப்புக்குத்தான் வரும், இன்னொரு தரம் அடியுங்கள். சரியாக இருந்தால் சேமியுங்கள், பிடிக்காவிட்டால் :லேட்டர் 1எஃப்.

அன்டூஃபைல் அமைப்பைப் போட்டு வைத்தால் விம்மை மூடித் திறந்த பிறகும் இது வேலை செய்யும். 2010இல் வந்த 7.3 பதிப்பில் இருந்து இருக்கிறது, ஆனால் தானாக இயங்காது, நாம்தான் போட வேண்டும்.


யகரம் · வியாழன் காலை 8.36

வந்துவிட்டது!! அத்தியாயம் முழுதாக. உங்களுக்கு ஒரு பிளேன்டீ கடன்.


பெட்டிக்கடை · வியாழன் மதியம் 1.15

நானும் தானாகச் சேமிக்கும் வரியை எடுத்துவிட்டேன். ஒரு கேள்வி: ஈடிசிக் காவலை வேண்டுமென்றே தாண்ட வேண்டுமானால்? ஸ்கிரிப்டால் நிறையக் கோப்பை ஒரே அடியாகத் திருத்தும்போது ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' சொல்ல முடியாது.


மின்னல்வேகம் · வியாழன் மதியம் 1.30

:நோ-ஓட்டோசிஎம்டி முன்னால் போட்டு டபிள்யூ. அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் எந்தக் காவலும் ஓடாது. இதைத் தெரியாமல் அடிப்பது கஷ்டம் என்பதால் நல்ல சாவி. சேமிக்கும்போது வேறு செருகுநிரல் ஏதாவது ஓட வேண்டுமென்றால் அதுவும் ஓடாது, அதை ஞாபகம் வையுங்கள்.

க்ரொன்டாப், கிட் கமிட் மாதிரி எடிட்டரைத் திறந்துவிட்டுக் காத்திருக்கும் நிரல்களில் இன்னொரு வழியும் இருக்கிறது. இடையில் சேமித்துவிட்டாலும் :சிக்யூ அடித்து வெளியேறினால் விம் பிழைக் குறியீட்டோடு மூடும், அவை மாற்றத்தை ஏற்காமல் விட்டுவிடும்.


அரைப்புள்ளி · வெள்ளி மாலை 5.50

எல்லாம் போட்டாயிற்று, ஒபிஸில் மற்றவர்களுக்கும் கொடுத்துவிட்டேன். கடைசி வேலை ஒன்று மிச்சம்: பழைய குப்பைக் கோப்புகளைக் கண்டுபிடித்து அழிப்பது. ஆர்எம் போட்டு ';' அடித்தால் பெயர் எங்கே என்று கேட்கிறது. ஃபைண்டில் பெயர் வடிவமாக அதே கேள்விக்குறியைக் கொடுத்து டிலீட் போடலாமா?


இரவுக்காவல் · வெள்ளி மாலை 6.22

ஷெல்லுக்கு ';' என்பது கட்டளை முடிவு, அதனால்தான் கேட்கிறது. மேற்கோளுக்குள் வையுங்கள். கிட்டுக்குள் ஏற்கெனவே போனவற்றை கிட் ஆர்எம்மால் எடுங்கள், மேற்கோள் அங்கேயும் வேண்டும்.

ஃபைண்ட் நல்ல வழி, ஆனால் திட்ட அடைவுக்குள் நின்றுகொண்டு மட்டும். டிலீட் இல்லாமல் முதலில் ஓட்டிப் பட்டியலைப் பாருங்கள். சேர்வரில் மேல் அடைவில் இருந்து ஓட்டிவிடாதீர்கள்: யூஎஸ்ஆர்/பின்னுக்குள் '[' என்ற பெயரில் உண்மையாகவே ஒரு நிரல் இருக்கிறது, ஷெல் ஸ்கிரிப்டுகளில் நிபந்தனைக்குப் போடும் அதே அடைப்பு. யார் யார் லொகின் செய்திருக்கிறார்கள் என்று காட்டும் நிரலின் பெயரும் ஒரே எழுத்துத்தான், அது டபிள்யூ.


அரைப்புள்ளி · வெள்ளி மாலை 6.40

திட்ட அடைவில் மட்டும் ஓட்டினேன். ';' இருந்தது, ':' இருந்தது, ஒற்றை மேற்கோள் எங்கேயோ உள்ளடைவில் இருந்தது. இவற்றோடு 'q' என்றும் ஒரு கோப்பு, உள்ளே போன வருட சிங்கள மொழிபெயர்ப்பு முழுதாக. அது யாருடையது என்று திங்கட்கிழமை ஒபிஸில் கேட்க வேண்டும்.